ஊசியை நிறுத்தச் சொன்னது யார்?

திண்டுக்கல்லில் ஒரு மருத்துவமனையில் வாழ்வியல் மருத்துவத்துக்கென்று தனிப் பிரிவு தொடங்கியிருக்கிறார்கள். அதில் சேர்ந்திருக்கும் மூன்று இளம் மருத்துவர்கள் போன மாதம் என் வீட்டுக்கு வந்தார்கள். சாப்பாடு, நடை, தூக்கம் இவற்றைச் சரிசெய்து நோயையும் மாத்திரையையும் குறைக்கும் இந்த வைத்தியத்துக்கு நான் எப்படி வந்தேன் என்று எழுதித் தரச் சொன்னார்கள். புதிதாக வருகிறவர்களுக்கு உற்சாகமாக இருக்கும் என்றார்கள். எழுத உட்கார்ந்து நான்கு நாட்களாகிவிட்டன. உற்சாகமாக ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. பயந்த நாட்கள்தான் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. அவற்றையே எழுதுகிறேன்.

படிப்பைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. மதுரையில் எம்.பி.பி.எஸ்., அங்கேயே பொது மருத்துவத்தில் எம்.டி. நடுவில் கல்யாணம், இரண்டு பிள்ளைகள். முப்பத்தாறு வயதில் திண்டுக்கல்லில் ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்ந்து, போன வருஷம் ஓய்வு பெறும்வரை அங்கேதான் இருந்தேன். தரைத்தளத்தில் ஓபி, முதல் மாடியில் வார்டு, நான்கு படுக்கையுள்ள ஐசியு, மொட்டை மாடிக்குக் கீழே காலியாக ஒரு ஹால். அதை நடத்தியவர் டாக்டர் அருளானந்தம். எங்களுக்கெல்லாம் சீஃப்.

சீஃப் நோயாளியின் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் காலைப் பார்ப்பார். செருப்பைக் கழற்றச் சொல்லி, குனிந்து, விரல் இடுக்கு ஒவ்வொன்றையும் விரித்துப் பார்ப்பார். கணுக்காலில் கட்டைவிரலை அழுத்தி எடுத்து, பள்ளம் விழுகிறதா என்று செத்த நேரம் காத்திருப்பார். பிறகுதான் நிமிர்ந்து பேர் கேட்பார். எங்களைத் திட்டமாட்டார். நாங்கள் எழுதிய கேஸ் ஷீட்டை எடுத்து, கேட்க வேண்டிய வரியில் விரலை வைத்துக்கொண்டு சும்மா நிற்பார். நாமே பதில் சொல்லித் தீர வேண்டும். ஒருமுறை ஒரு பெரியவருக்கு நான் பிரஷர் மாத்திரை ஒன்றை ஷீட்டிலிருந்து அடித்துவிட்டிருந்தேன். அந்த அடித்தலின் மேல் விரலை வைத்தார். "மருந்து எழுத ஒரு காரணம் போதும்மா. எழுதுனத எடுக்குறதுக்கு ரெண்டு காரணம் வேணும். ரெண்டையும் இங்கன எழுதிட்டுப் போ" என்றார். எனக்கு ஒரு காரணம்தான் தெரிந்தது. மாத்திரையைத் திரும்ப எழுதினேன்.

அதற்குப் பிறகு பல வருஷம் எந்த மருந்தையும் சீட்டிலிருந்து எடுக்க எனக்குத் துணிச்சல் வரவில்லை. ஒரு காலை ஓபியில் எழுபது பேர் வருவார்கள். சர்க்கரை, பிரஷர், கொழுப்பு. அளவு கூடியிருந்தால் ஒரு மாத்திரை சேர்ப்பேன். கூடவில்லையென்றால் பழைய சீட்டையே தொடரச் சொல்லிக் கையெழுத்துப் போடுவேன். ஆளுக்கு மூன்று நிமிஷம்.

அப்படி ஒரு திங்கட்கிழமைதான் காதர் பாய் கேட்டார். பேகம்பூரில் ஒரு பிரியாணிக் கடையில் அண்டா இறக்கும் மாஸ்டர் அவர். ஐம்பது வயது, நல்ல பருமன். ஒன்பது வருஷமாக என்னிடம்தான் வந்துகொண்டிருந்தார். அன்றைக்கு நான்காவது மாத்திரையை எழுதிக் கொடுத்தேன். சீட்டை வாங்கிப் பார்த்துவிட்டு எழாமல் உட்கார்ந்திருந்தார்.

"நான் வந்த அன்னைக்கு ஒரு மாத்திரை டாக்டரம்மா. இப்ப நாலு. சொன்னதெல்லாம் ஒழுங்காத்தான் போடுறேன். கூடிக்கிட்டேதான் வருது. கொறையவே கொறையாதா?"

உணவுக் கட்டுப்பாடு இருந்தால் குறையும் என்று வழக்கமாகச் சொல்வதைச் சொன்னேன். என்ன கட்டுப்பாடு என்று கேட்டார். அரிசியைக் குறையுங்கள் என்றேன். அவர் கோபப்படவில்லை. காலையிலிருந்து மத்தியானம் வரை சோற்றுக்குள்ளேயே கை வைத்து வேலை செய்கிற ஆளிடம் என்ன சொல்கிறேன் என்பது எனக்கே உறைத்தது. வெளியே அறுபது பேர் காத்திருந்தார்கள். அடுத்த ஆளை அழைத்தேன். ஆனால் அந்தக் கேள்வி போகவில்லை. குறையுமா, குறையாதா என்று எம்.டி. படித்த எனக்கு உண்மையிலேயே தெரியவில்லை.

பிறகுதான் தேடிப் படித்தேன். வாழ்வியல் மருத்துவம் என்று இதற்கென்றே ஒரு படிப்பு இருப்பது தெரிந்து, நாற்பத்தெட்டு வயதில் வீட்டில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து படித்துப் பரீட்சையும் எழுதினேன். யாரிடமும் சொல்லவில்லை. சிரிப்பார்கள் என்று பயம். காதர் பாயிடமிருந்தே தொடங்கப் போகிறேன் என்று சீஃபிடம் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை. "சமையக்காரருக்குப் போயி சமையல் சொல்லித் தரப் போற. பார்த்துச் செய்" என்றார்.

ஒரு சனிக்கிழமை காலை பத்து மணிக்குக் காதர் பாயின் கடைக்குப் பின்னால் இருந்த சமையற்கட்டுக்குப் போனேன். ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார வைத்தார்கள். அவர் வாயில் போவதையெல்லாம் ஒரு தாளில் குறித்தேன். மசாலா வதங்கும்போது உள்ளங்கையில் ஊற்றி நக்கினார். தண்ணீர் கொதித்ததும் உப்புப் பார்த்தார். சீரகச் சம்பா போட்டபின் பதம் பார்க்க ஒரு பிடி, தம் போடும் முன் ஒரு பிடி, அண்டா திறந்ததும் ஒரு பிடி. மூன்று அண்டா. கறிக்காரர் வந்தார், ஒரு டீ. விறகுக்காரர் வந்தார், ஒரு டீ. ஒரு மணிக்குள் இருபத்து மூன்று பிடிச் சோறும் ஆறு டீயும் உள்ளே போயிருந்தன. அவரைப் பொறுத்தவரை அவர் இன்னும் சாப்பிடவே இல்லை.

தாளைக் காட்டினேன். வெகுநேரம் பார்த்தார். தீர்வையும் அவரே சொன்னார். உள்ளங்கைக்குப் பதிலாக ஒரு காபி ஸ்பூன். அரிசிப் பதத்தை விரலால் நசுக்கிப் பார்த்தால் போதும், வாயில் போட வேண்டாம். டீயில் சர்க்கரை கிடையாது. அண்டா திறக்கும் முன் பதினோரு மணிக்கு வயிறு நிறையச் சுண்டலும் காய்கறியும் சாப்பிட்டுவிடுவது. கடை அடைத்ததும் மலைக்கோட்டையைச் சுற்றி நடை.

மூன்றாவது வாரம் கடையிலிருந்து போன் வந்தது. பாய் அடுப்படியில் வேர்த்துக் கொட்டி, கை நடுங்கி, உளறுகிறார் என்றார்கள். சர்க்கரையைக் கரைத்துக் குடிக்கக் கொடுக்கச் சொல்லிவிட்டு ஆட்டோவில் ஓடினேன். சோதித்தபோது சர்க்கரை ஐம்பத்திரண்டுதான் இருந்தது; எழுபதுக்குக் கீழே போனாலே ஆபத்து. குடிப்பதற்கு முன் எவ்வளவு இருந்ததோ தெரியாது. தப்பு என்னுடையது. சாப்பாடு குறைந்துவிட்டது, சர்க்கரையை இறக்கும் மாத்திரையை நான் அதே அளவில் விட்டுவைத்திருந்தேன். இரண்டு பக்கத்திலிருந்தும் அவரை அமுக்கியிருக்கிறேன். கொதிக்கிற அண்டாவுக்கு ஒரு முழம் தள்ளி விழுந்திருந்தார். அந்த ஒரு முழத்தை இன்றுவரை நினைக்கிறேன்.

மாத்திரையை அன்றே பாதியாக்கினேன். பிறகு ஒவ்வொன்றாக, இரண்டிரண்டு காரணம் எழுதி. எட்டு மாதத்தில் நான்கு மாத்திரை ஒன்றானது. சீஃப் கேஸ் ஷீட்டைப் படித்துவிட்டு மாடி ஹாலின் சாவியைக் கொடுத்தார். சனிக்கிழமை பத்து மணிக்கு வகுப்பு தொடங்கினேன். காதர் பாய் பேகம்பூர் முழுக்கச் சொல்லிவைத்திருந்தார். முதலில் பன்னிரண்டு பேர், பிறகு நாற்பது நாற்காலியும் போதாமல் சுவரோரம் நின்றார்கள். எனக்குப் பெருமை வந்துவிட்டது. அதை ஒளிக்க விரும்பவில்லை.

ஒரு வகுப்பை யாரோ போனில் படம் பிடித்தார்கள். அதில் இரண்டு நிமிஷம் ஊரெல்லாம் சுற்றியது. காதர் பாயின் கதையைச் சொல்லி, மருந்து உங்கள் அடுப்படியிலேயே இருக்கிறது என்று நான் சொல்வதோடு அது முடியும். அதற்குப் பிறகு, கேட்காமல் யாரும் மருந்தை நிறுத்தாதீர்கள், இன்சுலின் ஊசியை நிறுத்தவே நிறுத்தாதீர்கள் என்றும் சொன்னேன். அது வெட்டுப்பட்டுவிட்டது. ஆனால் நான் அதை எப்படிச் சொன்னேன் என்பதும் எனக்கு நினைவிருக்கிறது. கடைசியில், ஜனங்கள் எழுந்து செருப்பு மாட்டும்போது, மைக்கை அணைத்துக்கொண்டே சொன்னேன்.

அந்த நாட்களில் ஒரு சனிக்கிழமை, கடைசி வரிசையில் மெலிந்த ஒருவர் உட்கார்ந்திருந்தார். கழுத்தெலும்பு தெரிந்தது. சட்டை தொளதொளவென்றிருந்தது. யாருக்கோ துணையாக வந்தவர் என்று நினைத்துக்கொண்டேன். அவரிடம் போய் ஒரு வார்த்தை கேட்கவில்லை. வகுப்பு முடிந்ததும் போய்விட்டார்.

அடுத்த வியாழக்கிழமை காலை ஒன்பது மணி இருக்கும். ஆம்புலன்ஸில் ஒருவரைக் கொண்டுவந்தார்கள். நெஞ்சு ஏறி இறங்க, ஓடி வந்தவர் போல மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். நாக்கு காய்ந்து ஒட்டியிருந்தது. கூப்பிட்டால் கண்ணைத் திறந்து மூடிக்கொண்டார். குனிந்தபோது வாயிலிருந்து அழுகிய பழ வாசனை வந்தது. சர்க்கரை, மீட்டர் காட்ட முடியாத உயரத்தில் இருந்தது. இன்சுலின் இல்லாமல் இரத்தம் அமிலமாகிக்கொண்டிருக்கிறது என்பது பார்த்த உடனே தெரிந்தது. முகத்தைப் பார்த்த பிறகுதான் கடைசி வரிசை நினைவுக்கு வந்தது.

கூட வந்தவர் அவர் மனைவி பாண்டியம்மாள். எரியோடு பக்கம் முருங்கைத் தோட்டம். கணவர் பேர் முருகேசன், முப்பத்திரண்டு வயது. கணையம் இன்சுலினே சுரக்காத வகை நோய். ஆறு வருஷமாக வேறொரு மருத்துவரிடம் காட்டி இரண்டு வேளை ஊசி போட்டுவந்தவர். எப்போதிலிருந்து போடவில்லை என்று கேட்டேன்.

"உங்க மீட்டிங்குக்கு வந்துட்டுப் போனாகல்ல, மறுநாள்லருந்து. ஊசி டப்பாவத் தூக்கிப் பரண்ல போட்டுட்டாக. கீரையும் காயுமாத் தின்னாக. நேத்துலருந்து வாந்தி" என்றார். பிறகு என்னை நேராகப் பார்த்தார். "நிறுத்தச் சொன்னது நீங்கதான?"

நர்ஸ் செல்வி கையில் சலைன் பாட்டிலுடன் நின்றாள். இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. "நான் பேசுனதக் கேட்டுத்தாம்மா நிறுத்தியிருக்காரு" என்றேன். பாண்டியம்மாள் சுவரோரமாகப் போய் நின்றுகொண்டார்.

சீஃப் வந்தார். வழக்கம்போல முதலில் காலைப் பார்த்தார். பாதம் ஜில்லென்றிருந்தது. ஒரு தாளை எடுத்துக் கோடு போட்டு, மணிக்கு ஒரு கட்டம் வரைந்தார்: சர்க்கரை, நாடி, மூச்சு, சிறுநீர், உள்ளே போன சலைன், பொட்டாசியம். இன்சுலினைத் தொடங்க என் கை பறந்தது. அவர் என் மணிக்கட்டைப் பிடித்தார். பொட்டாசியம் தெரியாமல் இன்சுலினை விட்டால் இதயம் நின்றுபோகும். எனக்குத் தெரியாததல்ல, அன்றைக்கு அது நினைவில் நிற்கவில்லை. ரத்தம் லேபுக்குப் போய் முடிவு வர இருபது நிமிஷமாயிற்று. அந்த இருபது நிமிஷமும் சலைன் மட்டும் ஓடியது. நான் முருகேசனின் மூச்சை எண்ணிக்கொண்டிருந்தேன். எண்ணிக்கை தப்பித் தப்பிப் போயிற்று. பொட்டாசியம் குறைவாகத்தான் இருந்தது. முதலில் அதை ஏற்றி, அது மேலே வந்த பிறகே சொட்டுச் சொட்டாக இன்சுலினைத் தொடங்கினோம்.

மணிக்கொரு முறை கட்டத்தை நிரப்பினேன். மறுநாள் காலை எட்டு மணிக் கட்டத்தில் மூச்சு பதினெட்டு, சாதாரண அளவு, என்று எழுதினேன். முருகேசன் கண் விழித்துத் தண்ணீர் கேட்டார். மதியம் எழுந்து சாய்ந்து உட்கார்ந்தார். நான் மன்னிப்புக் கேட்கப் போனேன். நான் தொடங்குவதற்குள் அவரே தயங்கித் தயங்கிச் சொன்னார்:

"டாக்டரம்மா, அந்த வீடியோவ நான் எங்க முருங்கை விவசாயிக வாட்ஸ்அப் குரூப்புல போட்டேன். மூணு வாரம் இருக்கும். அதுல சுகர் ஆளுக அஞ்சு பேரு இருக்காக."

ஒருவர் பிழைத்ததோடு முடிந்தது என்று நினைத்திருந்தேன். சீஃபிடம் போய்ச் சொன்னேன். வகுப்பை மூடச் சொல்வார் என்று எதிர்பார்த்தேன். அவர் தன் கார்ச் சாவியை மேசைமேல் வைத்து, "அஞ்சு பேரையும் இன்னைக்கே பார்த்துட்டு வா. போன்ல கேட்டா நல்லா இருக்கேன்னுதான் சொல்லுவாக" என்றார்.

செல்வியும் நானும் மீட்டரோடு கிளம்பினோம். முதல் வீட்டில் வீடியோவைப் பார்த்திருந்தாலும் மருந்தை நிறுத்தவில்லை. இரண்டாவது வீட்டிலும் மூன்றாவது வீட்டிலும் மாத்திரையை நிறுத்தியிருந்தார்கள். சர்க்கரை முந்நூறுக்கு மேல். அங்கேயே உட்கார்ந்து மாத்திரை போட வைத்தோம். நான்காவது வீட்டு அம்மா இன்சுலினைத் தானாகவே பாதியாக்கியிருந்தார். குறைத்ததற்காக நான் பாராட்டுவேன் என்று எண்ணி மகிழ்ச்சியோடு சொன்னார். பழைய அளவையே மறுபடி போடச் சொல்லி எழுதிக் கொடுத்தேன்.

ஐந்தாவது வீட்டு வாசலில் ஆண்கள் இரண்டு பேர் மொட்டைத் தலையோடு உட்கார்ந்திருந்தார்கள். நாங்கள் தேடி வந்தவர் இறந்து பன்னிரண்டு நாளாகியிருந்தது. அறுபது வயது. தோட்டத்தில் நெஞ்சு வலிக்கிறது என்று உட்கார்ந்தவர், அவ்வளவுதான் என்றான் மூத்த மகன். ஊசி போடுகிறவரா என்று கேட்டேன். ஆமாம் என்றான். கடைசிவரை போட்டாரா என்றேன். அவனுக்குத் தெரியவில்லை. அவரே போட்டுக்கொள்வார், யாரும் கவனித்ததில்லை.

மருந்து மிச்சம் இருக்கிறதா என்று கேட்டேன். மருமகள் உள்ளே போய், குளிர்ச்சிக்காகத் தண்ணீர் ஊற்றிய மண்சட்டிக்குள் வைத்திருந்த இன்சுலின் குப்பியையும் பழைய சீட்டையும் மெடிக்கல் ஷாப் பில்லையும் கொண்டுவந்தாள். சீட்டில் உள்ளபடி நாளுக்கு இருபது யூனிட் போட்டால் அந்தக் குப்பி இருபது நாளைக்கு வரும். பில்லைப் பார்த்தேன். அவர் இறப்பதற்குப் பதினெட்டு நாள் முன்பு வாங்கியது. வீடியோ குரூப்புக்கு வந்தது அவர் இறப்பதற்கு ஒன்பது பத்து நாள் முன்பு. அதைப் பார்த்த அன்றே நிறுத்தியிருந்தால் பாதிக் குப்பியாவது மிஞ்சியிருக்க வேண்டும். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். அடியில் கொஞ்சம்தான் இருந்தது. கடைசி நாள்வரை போட்டிருக்கிறார்.

எனக்கு மூச்சு வந்தது. இறுகிக் கிடந்த தோள் தளர்ந்தது. சிரிப்புக்கூட வந்துவிடும்போல இருந்தது. அப்போதுதான் எதிரில் நிற்கும் மருமகளின் முகத்தைப் பார்த்தேன். ஒரு சாவு வீட்டில் உட்கார்ந்து நான் சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தேன். "இது இனிமே யாருக்காச்சும் ஆகுமா டாக்டரம்மா?" என்று கேட்டாள். ஆகாதும்மா என்றேன். அவள் கொடுத்த மோரைக் குடிக்க முடியவில்லை. குடிக்காமல் வருவதும் முறையில்லை. குடித்துவிட்டு வந்தேன்.

அந்தச் சனிக்கிழமை வகுப்பு நடக்கவில்லை. அதற்கடுத்த வாரமும் வேண்டாம் என்றேன். இனி வேண்டவே வேண்டாம் என்றும் சீஃபிடம் சொல்லிப்பார்த்தேன். அந்த இரண்டு வாரமும் அறிமுகமில்லாத நம்பரிலிருந்து போன் வந்தால் எடுக்கும் முன்பே எழுந்து நின்றுவிடுவேன். வீடியோ இன்னும் எத்தனை குரூப்பில் இருக்கிறதோ, எந்த ஊரில் எந்தப் பரணில் எத்தனை ஊசி டப்பா ஏறியிருக்கிறதோ, கண்டுபிடிக்க வழியில்லை. முழுப் பேச்சையும் திரும்பப் பதிவு செய்து அனுப்பினோம். அது அவ்வளவாகச் சுற்றவில்லை.

சீஃப் ஒன்றைத்தான் சொன்னார். "மூடிட்டா, பழைய வீடியோ மட்டும்தான் மிஞ்சும். நடத்து. ஆனா நீ தொட்டுப் பார்க்காத ஆளு ஒருத்தரும் நாற்காலில உக்காரக் கூடாது."

அப்படியே செய்தோம். மூன்றாவது சனிக்கிழமை மாடிப்படி அடியில் ஒரு மேசை போட்டேன். வருகிற ஒவ்வொருவரும் தாங்கள் சாப்பிடும் மருந்தையெல்லாம் பையிலிருந்து அதில் கொட்ட வேண்டும். எடை, பிரஷர், சர்க்கரை பார்த்தோம். மெலிந்தவர்களையும் ஊசி போடுகிறவர்களையும் தனியாக உட்கார வைத்து நானே பேசினேன். எவருக்கு எந்த மாத்திரை, எவ்வளவு, எந்தத் தேதியில் குறைப்பது என்று சீட்டில் எழுதி, மூன்றாம் நாள் செல்வி போன் செய்து சர்க்கரை கேட்பது என்று முடிவு. இதெல்லாம் முடிந்து மேலே போகப் பதினொன்றரை ஆயிற்று. இருபது பேர்கூட இல்லை. நிறையப் பேர் பொறுக்காமல் போய்விட்டார்கள்.

நான் எழுந்து நின்றபோது கதவோரம் பாண்டியம்மாளைப் பார்த்தேன். முருகேசன் வரவில்லை. அவர் ஊசியை மறுபடி தொடங்கி, வீட்டுக்குப் போய்ப் பத்து நாளாகியிருந்தது. பாண்டியம்மாள் ஆஸ்பத்திரியில் இருந்த நாட்களில் அந்த ஒரு கேள்விக்குப் பிறகு என்னோடு பேசவே இல்லை. இப்போது கையைக் கட்டிக்கொண்டு, கூப்பிட்டும் உட்காராமல், நின்றுகொண்டிருந்தார்.

தயாரித்து வைத்திருந்ததை எல்லாம் விட்டுவிட்டு அதையே முதலில் சொன்னேன். இங்கே கேட்பதை வைத்து யாரும் தாங்களாக ஒரு மாத்திரையையும் நிறுத்தக் கூடாது. ஊசி போடுகிறவர்கள் ஒரு வேளைகூட விடக் கூடாது. விட்டு ஒருவர் சாகக் கிடந்தார், அதற்கு நான்தான் காரணம் என்றேன்.

"இன்னொருக்காச் சொல்லுங்க" என்றார் பாண்டியம்மாள். "பின்னாடி கேக்கல."

சின்ன ஹால் அது. மைக்கும் இருந்தது. நன்றாகவே கேட்டிருக்கும். நான் இன்னொரு முறை, முதலிலிருந்து, நிறுத்தி நிறுத்திச் சொன்னேன். கடைசி வார்த்தைவரை கேட்டுவிட்டு அவர் படியிறங்கிப் போனார்.

ஓய்வு பெறும்வரை ஒவ்வொரு சனிக்கிழமையும் அதை இரண்டு முறை சொல்லித்தான் வகுப்பைத் தொடங்கினேன்.